மஞ்ச லைட்டுக்கு மாரடிக்கும் மகராசனுக்கு

இன்னா கண்ணு, மூஞ்சி இப்டித் தொங்குது? டேஷ்போர்டுல மஞ்சக் கலர்ல எஞ்சின் படம் ஒண்ணு எரியுதா? அதுக்கா ராத்திரி பூரா தூக்கம் இல்ல? மொதல்ல குந்து. தண்ணி குடி.

ஒண்ணே ஒண்ணு சொல்லு. லைட்டு நின்னு எரியுதா, வுட்டு வுட்டு மின்னுதா? மின்னுச்சுன்னா வண்டிய ஓரங்கட்டு. ஏதோ ஒரு சிலிண்டர் சரியா எரியாம பச்சைப் பெட்ரோலப் பொகைக் கொழாயில துப்புதுன்னு அர்த்தம். அந்தப் பெட்ரோல் பொகையச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள்ள போயி எரிஞ்சா, சூட்டுல அது உள்ளயே உருகிப் பூடும். அப்புறம் தலையில துண்டுதான். நின்னு எரியுதா? பதறாத. அடையாறு டிப்போலேர்ந்து லஸ் முனை வரைக்கும் ஓட்டினு வரலாம், மெட்ரோ வேலைக்காரங்க வழி வுட்டா. நாலு நாள்ல நேரம் பாத்து நிதானமாக் காட்டு.

ஆனா நீ இன்னா செஞ்ச? கட்டைவெரல் சைஸ்ல ஒரு டப்பா வாங்கி ஸ்டேரிங்குக்குக் கீழ சொருகுன. அது செல்போனுல பி 0135ன்னு ஒரு நம்பர் காமிச்சுது. ஒடனே "ஆக்சிஜன் சென்சார் அவுட்டு தாத்தா"ன்னு பெரிய ஸ்பெஷலிஸ்ட் தோரணையில எங்கிட்ட வந்து நிக்குற. அந்த நம்பர் இன்னா சொல்லுதுன்னு படிச்சியா? முன் சென்சாரச் சூடு பண்ற கம்பிக்குக் கரண்டு ஒழுங்காப் போவலன்னு சொல்லுது. அவ்ளோதான். சென்சார் செத்துப் பூட்ச்சுன்னு அது எங்க சொல்லுச்சு? பியூஸ் போயிருக்கலாம். கப்ளர் கழண்டிருக்கலாம். எலி வயரக் கடிச்சிருக்கலாம். நம்ம மந்தவெளி எலி இருக்கே, அதுக்கு பென்ஸும் ஒண்ணுதான், மாருதியும் ஒண்ணுதான். சாதி பேதம் பாக்காது.

சரி, அந்த சென்சார் எதுக்கு இருக்குதுன்னாவது தெரியுமா? தெரியாமத்தான் மாத்தக் கெளம்பிட்டியா? கேளு.

திண்ணையில குந்தியிருக்கிற கெழவனப் பாத்திருக்க இல்ல? வூட்டுக்குள்ள இன்னா சமையல்னு எட்டிப் பாக்க மாட்டான். வெளிய வர்ற வாசனைய மோந்தே "இன்னிக்கு உப்பு தூக்கல்"னு சொல்லுவான். அவன்தான் இந்த சென்சார். எஞ்சின்லேர்ந்து பொகை வெளிய வர்ற கொழாயில மூக்க நீட்டினு குந்தியிருக்கான். ஒரு கிலோ பெட்ரோல் மிச்சம் மீதி இல்லாம எரியணும்னா 14.7 கிலோ காத்து வேணும். காத்து மீந்துச்சுன்னா 0.1 வோல்ட் பக்கம் காட்டுவான். பெட்ரோல் மீந்துச்சுன்னா 0.9 பக்கம் போவான். அதக் கேட்டுட்டு வண்டில இருக்கிற கம்ப்யூட்டர் பெட்ரோலக் கூட்டும், கொறைக்கும். நல்லா இருக்கிற கெழவன் ஒரு எடத்துல நிக்க மாட்டான். ஏறுவான், எறங்குவான், பொலம்பினே இருப்பான். கெழவன் அமைதியாயிட்டாத்தான் கவலைப்படணும்.

அவனுக்கு ஒரு கெட்ட கொணம். கொறைஞ்சது 300 டிகிரி சூடு ஏறுனாத்தான் வாயத் தொறப்பான். அதுக்குத்தான் உள்ள ஒரு சூடேத்துற கம்பி. உன் 0135 அந்தக் கம்பியப் பத்தின பேச்சு.

இன்னொண்ணு சொல்றேன், வூட்டம்மாகிட்ட சொல்லாத. போன பொறந்த நாளுக்கு பாண்டி பஜார்ல அமெரிக்கன் டைமண்ட் கம்மல் வாங்கிக் குடுத்தியே, அந்தக் கல்லு சிர்க்கோனியா. சென்சார் மூக்குல இருக்கிற பீங்கானும் அதே சரக்குதான். மேல பிளாட்டினம் பூசியிருப்பான். அதுக்கு ஆதாரமான சிர்க்கான் மணல நம்ம மணவாளக்குறிச்சி கடக்கரையிலேர்ந்தே எடுக்குறாங்க. ஆக, உன் காரு காதுல தோடு போடாம மூக்குல மூக்குத்தி போட்டிருக்குது. வெல ஏன் ஏறுதுன்னு இப்பப் புரிஞ்சுதா?

இந்த சென்சார் வந்த கதையக் கேட்டா சிரிப்ப. ஜெர்மனிக்கார பாஷ் கம்பெனி செஞ்சு குடுத்துது. 1976ல வோல்வோக்காரன் கலிபோர்னியாவுக்கு அனுப்புன காருல மொத மொதல்ல மாட்டுனான். மாட்டுனவன் சும்மா இருந்தானா? காரோட முன் கிரில்லுல "லாம்டா சோண்ட்"னு பேட்ஜே அடிச்சு வச்சான்! பொகைக் கொழாயில ஒளிஞ்சு கெடக்குற ஒரு சாமானுக்கு நெத்தியில பட்டம். உதாரு வுடுறதுல நம்ம டி.நகர் ஆளுங்க மட்டும் கெட்டிக்காரங்க இல்ல, வெள்ளக்காரனும் நம்மாளுதான்.

நம்ம மெட்ராஸ்ல அப்போ இன்னா ஓடுச்சு? அம்பாசடரும் பத்மினியும். அதுக்கேது சென்சாரு? பிளக்கக் கழட்டிப் பாப்போம். மூக்கு காப்பிப் பொடி நெறத்துல இருந்தா சரி. கறுப்பா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி. வெளுத்திருந்தா காத்து ஜாஸ்தி. கார்புரேட்டர் திருகாணிய அரைத் திருகு திருகி, காத வச்சுக் கேட்டு செட் பண்ணுவோம். "அந்தக் காலம் சொர்க்கம், எல்லாம் கைவேலை"ன்னு நான் அளக்கப் போறேன்னு நெனைக்காத. பெட்ரோல்ல ஈயம் கலந்து வுட்டாங்க கண்ணு. மவுண்ட் ரோடு சிக்னல்ல நின்னு அத்தனை பேரும் அந்த ஈயத்த மோந்தோம். 1995 ஏப்ரல்லதான் மெட்ராஸோட சேத்து நாலு பெரிய ஊர்ல ஈயம் இல்லாத பெட்ரோல் வந்துது, கன்வர்ட்டர் வச்ச புது வண்டிங்களுக்காவ. 2000 பிப்ரவரியிலதான் நாடு பூரா ஈயம் ஒழிஞ்சுது. ஏன் கன்வர்ட்டர் வர்றதுக்கு முன்னாடி ஈயம் ஒழியணும்? ஈயம் பட்டா கன்வர்ட்டரும் சாவும், கெழவன் மூக்கும் அடைஞ்சு பூடும். மனுசன் சாவுறானேன்னு தூக்குனதவிட மெஷின் சாவுதேன்னு தூக்குனது சுருக்கா நடந்துது. இது என் அபிப்பிராயம், நீ எங்கயும் போயி சொல்லாத.

1998ல இருங்காட்டுக்கோட்டையிலேர்ந்து சான்ட்ரோ வந்துது. கார்புரேட்டர் இல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோல் பீச்சும். எங்க மெக்கானிக்குங்க பானெட்டத் தொறந்து பாத்துட்டு திருகாணி எங்கடான்னு தேடுனாங்க. பழக இன்னா லேட்டாச்சு? கெழவன் இன்னா சொல்றான்னு கேக்கக் கத்துக்கினவன் பொழச்சான். கேக்காம பார்ட்ஸ மட்டும் மாத்துனவன் இன்னிக்கும் மாத்தினே இருக்கான், உன்ன மாதிரி ஆளுங்க புண்ணியத்துல.

இப்ப விஷயத்துக்கு வா. கெழவன் பொய் சொல்றானா, மெய் சொல்றானா? இத்தத்தான் நீ கேக்கவே இல்ல.

பிளக் ஒண்ணு செத்துப் பூட்ச்சுன்னு வை. அந்த சிலிண்டர்ல பெட்ரோலும் எரியல, காத்தும் செலவாவல. ரெண்டும் அப்டியே வெளிய வருது. கெழவனுக்குப் பெட்ரோல் தெரியாது, ஆக்சிஜன் மட்டுந்தான் தெரியும். "காத்து ஜாஸ்தி, காத்து ஜாஸ்தி"ன்னு கத்துறான். கம்ப்யூட்டரும் நம்பி இன்னும் ரெண்டு சொட்டு பெட்ரோல ஊத்துது. மைலேஜ் பூட்ச்சு, பொகை நாறுது. யாரு மேல தப்பு? கெழவன் கண்டதத்தானே சொன்னான்? நீ அவனக் கழட்டி எறிஞ்சுட்டு புதுக் கெழவனக் கொண்டாந்து குந்த வைக்கிற. அவனும் மறுநாள் அதே கத்து கத்துறான். எய்தவன் இருக்க அம்ப நோவலாமா?

அதே மாதிரி சென்சாருக்கு முன்னாடி மேனிஃபோல்டு கேஸ்கெட் லேசா ஓட்டையாயிருந்தா, வெளிக்காத்து உள்ள புகுந்துடும். கெழவன் அதையும் மோந்துட்டுக் காத்து ஜாஸ்திம்பான். கேஸ்கெட்டு சில நூறு ரூவா. சென்சாரு சில ஆயிரம். நீ எத்த மாத்துவ? எனக்குத் தெரியும், சில ஆயிரத்தத்தான்.

உன்னக் குத்தம் சொல்லி இன்னா ஆவப் போவுது? உன்ன இட்டுனு போற எடம் அப்டி. ஏசி ரூம்ல சோபா. மெஷின் காப்பி. கழுத்துல டை கட்டுன பையன் டேப்லட்டுல வெரலால தள்ளித் தள்ளி எஸ்டிமேட் காமிக்கிறான். "முன் சென்சார், பின் சென்சார் ரெண்டையும் மாத்திடலாம் சார், சேஃப்டிக்கு. கூடவே கார்பன் கிளீனிங், த்ராட்டில் கிளீனிங், ஏசி டிஸ்இன்ஃபெக்‌ஷன்." மூக்கு அடைஞ்சதுக்கும் ஏசிக்கும் இன்னாடா சம்பந்தம்னு ஒருத்தன் கேப்பானா? தண்ணித்துறை மார்க்கெட்டுல வெண்டைக்கா வாங்கும்போது முனைய ஒடிச்சு ஒடிச்சுப் பாக்குற அதே மயிலாப்பூர் மாமா, இங்க கண்ணாடிகூட போடாம கையெழுத்து போடுறாரு. கேக்குறவன் கேனையா இருந்தா கேப்பையில நெய் வடியத்தான் செய்யும். அந்தப் பையன் மேல கோவம் இல்ல எனக்கு. அவனுக்கு மாசக் கடைசில டார்கெட். உனக்கு இன்னா டார்கெட்? "டெஸ்ட் பண்ணியா தம்பி? பண்ணதக் காட்டு"ன்னு ஒரு வார்த்த. அதுக்குக் கூச்சம்.

இன்னா டெஸ்ட்டுன்னு கேக்குறியா? வண்டி நல்லா சூடானப்புறம் ஸ்கேனர்ல முன் சென்சார் வோல்ட்டப் பாக்கணும். கீழயும் மேலயும் சுறுசுறுப்பா ஆடுனா உசுரோட இருக்கான். ஒரே எடத்துல ஒட்டினு கெடந்தா சந்தேகம். கன்வர்ட்டருக்குப் பின்னாடி இன்னொருத்தன் குந்தியிருப்பான். அவன் 0.6, 0.7ன்னு ஏறக்கொறைய அசையாம இருக்கணும். அவனும் முன்னாடி இருக்கிறவனோட சேந்து ஆட்டம் போட்டா, நடுவுல கன்வர்ட்டர் வேலை செய்யலன்னு அர்த்தம். பி 0420ன்னு கோடு வர்றது அப்பத்தான். அதுக்குப் போயி பின் சென்சார மாத்துறவன் இருக்கான் பாரு, அவனுக்கு நான் இன்னா சொல்றது? புது வண்டி சிலதுல முன்னாடி வைடுபேண்டுன்னு வேற ரகம் மாட்டியிருப்பான். அதுக்கு இந்த வோல்ட் கணக்கு ஒத்து வராது. கம்பெனி மேனுவலப் பாக்கணும்.

உன் 0135க்கு இன்னும் சுளுவு. பியூஸப் பாரு. கப்ளரக் கழட்டு. நாலு வயர்ல ரெண்டு ஒரே கலர்ல இருக்கும், அதுதான் சூடேத்துற கம்பிக்குப் போறது. வண்டி ஆறுனப்புறம் மல்டிமீட்டர ஓம்ஸ்ல வச்சு சென்சார் பக்கத்துல அந்த ரெண்டையும் தொடு. சாதாரணமா 3லேர்ந்து 15க்குள்ள காட்டும். முள்ளே அசையலியா? உள்ள கம்பி அறுந்துட்டுது. அப்ப மாத்து. நானே தடுக்க மாட்டேன்.

கெழவன் வாய அடைக்கிற ஜாதி ஒண்ணு இருக்குது, அதுங்க இன்னும் படா கில்லாடி. பின் சென்சாருக்கு அடியில ஒரு குட்டிக் கொழாய வச்சு மூக்க தூரத் தள்ளி வுடுவாங்க. இல்ல, கன்வர்ட்டரையே வெட்டி எடுத்துட்டு "பிக்கப் சோக்கா இருக்குது தாத்தா"ம்பாங்க. எங்க போறதுக்குப் பிக்கப்பு? உஸ்மான் ரோட்டுல மாட்டுனா உன் பிக்கப்பும் மீன்பாடி வண்டி பிக்கப்பும் ஒண்ணுதான். பொல்யூஷன் டெஸ்ட்டுல மாட்டுனா தெரியும். பிஎஸ் 4லேர்ந்து வந்த பெட்ரோல் வண்டிக்கு நின்ன எடத்துல கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம் தாண்டக் கூடாது. வேகமா முடுக்கிப் பாக்கும்போது லாம்டாங்கற காத்து-பெட்ரோல் கணக்கு 0.97லேர்ந்து 1.03க்குள்ள நிக்கணும். முன்னாடி இருக்கிற கெழவனும் ஊமையாயிட்டா கம்ப்யூட்டர் பயத்துல பெட்ரோலக் கூடவே ஊத்தும். அப்புறம் அந்தக் கணக்கு எப்டி நிக்கும்?

எத்தனாலாலதான் எல்லாம் கெட்டுப் பூட்ச்சுன்னு சொல்ல வந்தியா? வா, வா, அதையும் பேசலாம். பங்க்குல இப்ப 20 சதவீதம் எத்தனால் கலந்துதான் வருது. எத்தனாலுக்குள்ளயே ஆக்சிஜன் இருக்குது, அதனால 14.7 வேணாம், சுமார் 13.5 காத்து போதும். அத்த மோந்து கண்டுபுடிச்சு கம்ப்யூட்டருக்குச் சொல்றதே நீ திட்டுற இந்தக் கெழவன்தான். எத்தனால்ல சத்து கொஞ்சம் கம்மி, மைலேஜ் கொஞ்சம் எறங்கும். அதுக்கும் சென்சார மாத்தாத.

நல்ல சென்சார் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல தாராளமா ஒழைக்கும். முன்னாடியே சாவுதுன்னா நீ கொன்னுருக்க. எப்டின்னு கேளு. மயிலாப்பூர்லேர்ந்து டி.நகர் போவ ஒரு காரு, பனகல் பார்க்க ரெண்டு சுத்து சுத்தி பார்க்கிங் கெடைக்காம திரும்ப ஒரு காரு. எஞ்சின் சூடாவறதுக்குள்ள வூடு வந்துடுது. உள்ள கரி புடிக்காம இன்னா புடிக்கும்? வாரத்துல ஒரு நா கிழக்குக் கடற்கரைச் சாலையில கொஞ்சம் ஓட வுடு. எஞ்சின் ஆயில் எரிஞ்சா அந்தச் சாம்பல் மூக்க அடைக்கும். கூலண்ட் உள்ள ஒழுகுனாலும் அதே கதி. ஓட்டைய அடைக்கிறேன்னு எவனாவது கண்ட சிலிகான் பேஸ்ட்ட அப்பியிருந்தா, அந்த ஆவியே போதும் கெழவன முடிக்க.

தண்ணி இருக்குதே, அதுதான் இந்த ஊர்ல பெரிய எமன். பழுக்கக் காஞ்ச பீங்கான் மேல பச்சத் தண்ணி பட்டா விரிசல் வுடும். சூடா வந்த வண்டிய ஒடனே தூக்கி வச்சு அடிப்பக்கம் பிரஷர்ல தண்ணி அடிக்கச் சொல்றியே, அப்ப யோசி. 2015 டிசம்பர்ல அடையாறு கரை தாண்டுனப்போ கோட்டூர்புரத்துல எத்தினி காரு முழுகுச்சு? 2023ல மிக்ஜாம் புயல் வந்தப்போ? அதப் பாத்துட்டுத்தான் அடுத்த வருசம் மழைன்னு சொன்னதுமே ஜனங்க வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா காரக் கொண்டாந்து நிறுத்துச்சு. ஊரே சிரிச்சுது. நான் சிரிக்கல. படிச்சவன் அன்னிக்கித்தான் பாடத்துக்கு வெளிய யோசிச்சான். தண்ணியில நின்ன வண்டிய மட்டும் ஸ்டார்ட் பண்ணாத. சென்சார் போனா ஆயிரத்துல போவும், எஞ்சின் தண்ணி குடிச்சா லட்சத்துல போவும்.

மாத்தித்தான் ஆவணும்னா ஒழுங்கா மாத்து. புதுப்பேட்டையில கெடைக்காத சாமான் இல்ல, எனக்கும் அந்தத் தெரு புடிக்கும். கதவு வாங்கு, கண்ணாடி வாங்கு, பம்பர் வாங்கு. பழைய சென்சார் வாங்காத. இன்னொருத்தன் ஆயுசுல மிச்சம் எவ்ளோன்னு யாரு சொல்லுவா? ஜி.பி. ரோட்டுல புதுசு வாங்குனாலும் உன் வண்டி மாடலுக்கான நம்பர் பாத்து வாங்கு. கழட்டும்போது எஞ்சின் கைபொறுக்குற சூட்டுல இருக்கணும், துருவுக்கு எண்ணெய் வுட்டு ஊற வை. 22 நம்பர் ஸ்பேனர், வயரு நுழைய வெட்டு வச்சது. மரை இறுகிப் புடிக்காம இருக்க அதுக்கு மட்டும் அதுக்கான பேஸ்ட் தடவு, மூக்குல ஒரு பொட்டு படக் கூடாது. வயர வெட்டி ஈயம் வச்சு ஒட்டுறேன்னு ஒருத்தன் வருவான், வுடாத. பொகைய ஒப்பிட்டுப் பாக்கக் கெழவனுக்கு வெளிக்காத்து வேணும். பல சென்சார்ல அந்தக் காத்து வயரு நரம்பு இடுக்கு வழியாத்தான் உள்ள போவுது. ஈயத்த ஊத்துனா மூச்சு நின்னுடும். கப்ளருக்குள்ள கிரீஸ் அப்புறதும் அதே பாவந்தான்.

சரி, பேசினது போதும். எழுந்திரு, பானெட்டத் தூக்கு. வயரு முழுசா இருக்கான்னு மொதல்ல பாப்போம். எலி கடிச்சிருந்தா நல்ல எலெக்ட்ரீஷியனாப் பாத்து ஈயம் ஊத்தாம ஒழுங்கா ஜாயிண்ட் போடச் சொல்லு, நாலு பாச்சா உருண்டயக் கட்டித் தொங்க வுடு, ஆச்சு செலவு. எலெக்ட்ரீஷியன் கூலி நீ குடு. எனக்கு ஒரு டீயும் பன்னும் போதும்.